மேசைமேல் விரித்த நாடு: போலந்தும் பாராமகாலும்

1773ஆம் ஆண்டு பிரான்சில் ஒரு செப்புத்தகட்டு அச்சுப்படம் வெளியாயிற்று. வரைந்தவர் ழான் மிஷேல் மொரோ. தகட்டில் செதுக்கியவர் நொயேல் லெ மீர். 'அரசர்களின் கேக்' என்பது படத்தின் பெயர். முடிமன்னர் நால்வர் ஒரு மேசையைச் சுற்றி நிற்கின்றனர். மேசைமேல் கேக் இல்லை; போலந்து நாட்டின் வரைபடம் விரிந்து கிடக்கிறது. ருஷ்யப் பேரரசி இரண்டாம் காதரின், ஆஸ்திரியாவின் இரண்டாம் ஜோசப், பிரஷ்யாவின் இரண்டாம் பிரடெரிக் ஆகிய மூவரும் தத்தம் துண்டின்மீது கண்ணாக இருக்கின்றனர். நான்காமவர் போலந்தின் அரசர் ஸ்தனிஸ்லாவ் பொனியதோவ்ஸ்கி. அவருக்கு வேறு கவலை. தலையிலிருந்து நழுவும் முடியைக் கையால் பிடித்துக்கொண்டிருக்கிறார். மேலே புகழ்த்தேவதை எக்காளம் ஊதுகிறாள்.

படத்தின் பெயரில் ஒரு குத்தல் உண்டு. ஜனவரி 6ஆம் நாள் கொண்டாடப்படும் மூவரசர் திருநாளில் கேக்கினுள் ஒரு மொச்சை விதையை மறைத்துவைத்துச் சுடுவது பிரெஞ்சு வழக்கம். எவர் துண்டில் விதை அகப்படுகிறதோ அவர் அன்றைக்கு அரசர். விளையாட்டில் கேக்கை வெட்டினால் ஓர் அரசர் பிறப்பார்; இந்தப் படத்திலோ கேக்கை வெட்ட வெட்ட ஓர் அரசர் மறைகிறார். 1772 ஆகஸ்ட் 5ஆம் நாள் பீட்டர்ஸ்பர்க்கில் கையெழுத்தான உடன்படிக்கையால் போலந்து தன் நிலத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டையும் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரையும் இழந்தது. 1793இலும் 1795இலும் எஞ்சியதும் போயிற்று. அதன்பின் 1918 வரை போலந்து என்றொரு நாடு உலகப் படத்தில் இல்லை.

படம் ஐரோப்பாவின் பல நாடுகளில் தடைசெய்யப்பட்டது. தடை அதற்கு நல்ல விளம்பரமாயிற்று. பெயர் தெரியாதவர்கள் பலவாறாகப் படியெடுத்தனர். இலண்டனிலும் அதன் ஆங்கில வடிவம் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பே, 1772இல், அதே பொருளில் ஓர் ஆங்கிலக் கேலிச்சித்திரம் வந்திருந்தது. அதில் மூவரும் வரைபடத்தை ஆராய்ந்துகொண்டிருக்க, இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் நாற்காலியில் உறங்குகிறார். மேலே அதிகாரச் சமநிலை என்னும் தராசு தொங்குகிறது. அயலான் வீட்டில் கொள்ளை நடக்க, நம் அரசர் உறங்குகிறாரே என்பது இலண்டன் ஓவியரின் ஆற்றாமை.

உறங்கியவர் உறங்கியே இருக்கவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, ஜார்ஜ் மன்னரின் குடிகளான கும்பெனியார் வேறொரு மேசையைச் சுற்றி வேறு இருவரோடு நின்றனர். அந்த மேசைமேல் கிடந்தது நம் ஓசூரும் கிருஷ்ணகிரியும் உள்ளிட்ட நாடு. அந்தப் பங்கீட்டை ஓவியர்கள் எப்படிப் பார்த்தனர், எங்கே நின்று பார்த்தனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தின் சுவர்கள்

கேலிச்சித்திரம் ஐரோப்பாவின் தனிச்சொத்து என்றொரு எண்ணம் நம்மிடையே உண்டு. அச்சுப் பொறியையும் தாளையும் வைத்துப் பார்த்தால் அது சரி. ஆனால் எதிரியை உருவம் திரித்து வரைந்து பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் வைப்பதுதான் கேலிச்சித்திரம் என்றால், அக்காலத்தில் மைசூர் நாட்டின் தலைநகர் முழுவதுமே ஒரு கேலிச்சித்திரத் தாளாக இருந்திருக்கிறது.

பிற்காலத்தில் மைசூரில் கும்பெனியின் ரெசிடெண்டாக இருந்தவர் மார்க் வில்க்ஸ். 1810 முதல் 1817 வரை வெளிவந்த அவருடைய மைசூர் வரலாற்றில் ஒரு செய்தி இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் பெருந்தெரு வீடுகளின் சுவர்களில் ஆங்கிலேயரைப் பழிக்கும் சித்திரங்கள் ஆளுயரத்திலும் அதனினும் பெரிதாகவும் தீட்டப்பட்டிருந்தன. ஒன்றில் நடுநடுங்கும் ஆங்கிலேயனைப் புலி கவ்வுகிறது. மற்றொன்றில் குதிரைவீரன் ஒரே வீச்சில் இரண்டு ஆங்கிலத் தலைகளைத் துணிக்கிறான். இன்னொன்றில் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி இடுப்பில் கயிறு கட்டி இழுத்துவரப்பட்டு, நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஓர் ஆங்கிலேயன்முன் விழுந்து கிடக்கிறார். அவர் கழுத்தின்மேல் அவன் கால். மக்கள் மிகவும் விரும்பிய சித்திரங்களை நாகரிகம் கருதித் தம்மால் எழுத இயலாது என்று வில்க்ஸ் நிறுத்திக்கொள்கிறார். நமக்கு அது இழப்புதான்.

நவாபைப் பற்றிய சித்திரம் கூர்ந்து நோக்கத்தக்கது. 'அரசர்களின் கேக்' படத்து ஸ்தனிஸ்லாவும் இந்தச் சுவரில் கிடக்கும் முகமது அலியும் ஒரே இனம். முடி தலையில் இருக்கிறது. நாடு கையில் இல்லை. பிறருடைய துணையால் அரியணை ஏறியவர் அந்தத் துணைக்கே அடிமையாவார் என்ற அரசியல் பாடத்தைப் பாரிஸின் ஓவியரும் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் பெயர் தெரியாத ஓவியரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வரைந்திருக்கின்றனர்.

அதே நகரின் தரியா தௌலத் மாளிகையில் இன்றும் ஒரு சுவரோவியத்தைக் காணலாம். 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கும்பெனிப் படை தோற்றதும், காயமுற்ற தளபதி பெய்லி பல்லக்கில் ஒடுங்கிக் கிடப்பதும் அதில் உள்ளன. அருகே ஐதராபாத் நிஜாமின் படை வருகிறது. அதனையொட்டிப் பசுவும் பன்றியும் வரையப்பட்டிருப்பது, துணைக்கு வருவதாகச் சொல்லிக் காலம் கடந்துவந்த நிஜாமை எள்ளியது என்று விளக்குவர். அந்த நிஜாம்தான் பின்னர் மேசையைச் சுற்றி நின்றவர்களில் ஒருவர்.

தெருச் சுவர்ச் சித்திரங்களின் முடிவையும் வில்க்ஸ் சொல்கிறார். 1791 மார்ச் 21ஆம் நாள் பெங்களூர்க் கோட்டை காரன்வாலிஸிடம் வீழ்ந்தது. அடுத்து ஸ்ரீரங்கப்பட்டணம் என்ற நிலை. அப்போது திப்புவின் ஆணைப்படி அச்சித்திரங்கள்மேல் வெள்ளை பூசப்பட்டது. எதிரி நகருக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படப்போவது இவைதாம் என்ற அச்சம் அதற்குக் காரணமாகலாம். ஓர் அரசு தோல்வியை உள்ளூர ஒப்புக்கொண்டதற்கு அந்தச் சுண்ணாம்புப் பூச்சினும் தெளிவான சான்று இருக்க முடியாது.

இலண்டன் சிரித்தபோது

சுவரில் வெள்ளை பூசிய அதே ஆண்டில் இலண்டனில் ஜேம்ஸ் கில்ரே தம் தகட்டைச் செதுக்கினார். 1791 மே மாதம் காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கியும் பயனில்லாமல் போயிற்று. மே 15ஆம் நாள் அரிகெரேயில் வென்றார். ஆனால் மழையும் பசியும் நோயும் அவரை வென்றன. வண்டிமாடுகள் செத்து விழுந்தன. பெரும் பீரங்கிகளைத் தம் கையாலேயே உடைத்துப்போட்டுவிட்டுக் கும்பெனிப் படை பெங்களூர் திரும்பியது.

இச்செய்தி கடல் கடந்து சேர மாதங்கள் ஆயின. 1791 டிசம்பர் 6ஆம் நாளிட்டு வெளிவந்த கில்ரேயின் படத்துக்குப் 'பருவமழையின் வருகை அல்லது ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பின்வாங்கல்' என்று பெயர். கோட்டைச் சுவர்மேல் நிற்கும் திப்பு கீழே சிறுநீர் பெய்கிறார். அதில் நனைந்தபடி காரன்வாலிஸ் ஓடுகிறார். அதுவே பருவமழை. தம் நாட்டின் தலைமைத் தளபதியை இவ்வளவு கீழிறக்கி வரைந்த ஒருவரை எவரும் சிறைப்படுத்தவில்லை. படம் கடைச் சன்னலில் விற்பனைக்குத் தொங்கியது. இந்த உரிமையை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் படம் வெளிவந்த நாளில் இங்கே நடந்துகொண்டிருந்தது வேறு. ஜூலை 15ஆம் நாளே ஓசூர்க் கோட்டை கும்பெனி வசமாகிவிட்டது. ஜூலை 20ஆம் நாள் மேஜர் கௌடியின் படை இராயக்கோட்டையைப் பிடித்தது. நவம்பர் 7ஆம் நாள் மாக்ஸ்வெல் கிருஷ்ணகிரிப் பேட்டையைக் கொளுத்தினார். மலைக்கோட்டை மட்டும் அவருக்கு அகப்படவில்லை. இலண்டனில் அந்தப் பின்வாங்கலைப் பார்த்துச் சிரித்த அதே குளிர்காலத்தில், கிருஷ்ணகிரிப் பேட்டையில் கூரை எரிந்தவர்கள் மழைக்குப் பின்னான பனியில் கிடந்திருப்பர். அவர்களைக் கில்ரே அறியார். அவருடைய கேலி, தோற்ற தளபதிமேல் சென்றது. தளபதி எதைப் பிடிக்கப் புறப்பட்டார் என்பதன்மேல் செல்லவில்லை.

1784இல் பிட் கொண்டுவந்த இந்தியச் சட்டம், இந்தியாவில் நாடு பிடிப்பதும் ஆட்சியை விரிப்பதும் இங்கிலாந்தின் விருப்பத்துக்கும் மானத்துக்கும் கொள்கைக்கும் ஒவ்வாதவை என்று அறிவித்திருந்தது. அந்த ஏடு சட்டப் புத்தகத்தில் இருக்க, நாட்டைப் பங்கிடுவதற்கான நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

1792: மூவர் கூடிய மேசை

1792 பிப்ரவரி 6ஆம் நாள் இரவில் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் புறக்காவல் உடைந்தது. மாத இறுதிக்குள் திப்பு பணிந்தார். மார்ச் 18ஆம் நாள் முழு உடன்படிக்கை முடிவாயிற்று. நாட்டில் பாதி போக வேண்டும். மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தண்டம் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்வரை மைந்தர் இருவர் பிணையாக இருக்க வேண்டும். மேசையைச் சுற்றி மூவர்: கும்பெனி, ஐதராபாத் நிஜாம், மராட்டியப் பேஷ்வா. திப்புவின் வருவாய்க் கணக்கையே வாங்கி, அதில் பாதியை எடுத்து, அந்தப் பாதியை மூன்று சமபங்காக்கினர். போலந்தைப் பங்கிட்டவர்கள் சதுரமைல் பார்த்தனர். இங்கே வரவேட்டைப் பார்த்தனர்.

எதிரியை முடமாக்கிவிட்டோம், அதேவேளை நண்பர்களையும் மிஞ்சிய வலிமை பெறவிடவில்லை என்ற பொருளில் காரன்வாலிஸ் தம் வெற்றியைச் சுருக்கி எழுதினார். 1772இன் ஆங்கிலக் கேலிச்சித்திரத்தில் மேலே தொங்கிய அதே தராசு இது. அன்று நகைப்புக்கு இடமாகத் தோன்றிய தராசு, கும்பெனியின் கைக்கு வந்தபோது அரசதந்திரம் என்று பெயர் பெற்றது.

கும்பெனியின் பங்கில் மலபார், குடகு, திண்டுக்கல், சேலம், பாராமகால் ஆகியவை சேர்ந்தன. பாராமகால் என்பது கிருஷ்ணகிரியை நடுவாகக் கொண்ட மலைக்கோட்டைச் சீமை. ஓசூர் மட்டும் திப்புவிடமே நின்றது. அவருக்கு விடப்பட்ட பாதியில் அதுவும் அடக்கம்.

இந்தக் கோடு எங்கே விழுந்தது என்பதை நிலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில் சானமாவு இருக்கிறது. அறுவடைக் காலத்தில் கேழ்வரகு தேடி ஜவளகிரி வழியாக வந்து தங்கும் யானைக்கூட்டங்களால் நாளிதழ்களில் பெயர் அடிபடும் காட்டுப்பகுதி. இது ஓசூர் மேட்டுநிலம். கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் அளவில் உயரம். இராயக்கோட்டையைத் தாண்டினால் நிலம் சரிந்து பாராமகால் தாழ்வுக்கு இறங்கும். மேட்டுநிலத்தைப் பாலாகாட் என்றும் தாழ்நிலத்தைப் பாராமகால் என்றும் அன்றைய ஆவணங்கள் வழங்கின. 1792இல் பாராமகால் கும்பெனிக்கு, பாலாகாட் திப்புவுக்கு, இரண்டுக்கும் வாயிலான இராயக்கோட்டை கும்பெனிக்கு. ஓசூருக்கும் இராயக்கோட்டைக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இன்று பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடும் இவ்வழியில், 1792 முதல் 1799 வரை இரண்டு அரசுகளின் எல்லை குறுக்கே கிடந்தது. சானமாவில் விளைந்த கேழ்வரகுக்கு ஓர் அரசன். கணவாய்க்குக் கீழே விளைந்ததற்கு இன்னோர் அரசன்.

எண்ணெய் வண்ணமும் வரைபடமும்

போலந்தின் பங்கீட்டுக்குக் கேலிச்சித்திரம் கிடைத்தது. மைசூரின் பங்கீட்டுக்கு என்ன கிடைத்தது? எண்ணெய் வண்ண ஓவியங்கள் கிடைத்தன.

1792 பிப்ரவரி 26ஆம் நாள் திப்புவின் மைந்தர்களான அப்துல் காலிக், முயிசுத்தீன் ஆகிய சிறுவர் இருவர் காரன்வாலிஸின் பாசறைக்கு வந்து சேர்ந்தனர். படையுடன் சென்றிருந்த ராபர்ட் ஹோம் அக்காட்சியைத் தீட்டினார். மேதர் பிரௌன், ஹென்றி சிங்கிள்டன், ஆர்தர் டேவிஸ் ஆகியோரும் தீட்டினர். எல்லா ஓவியங்களிலும் காரன்வாலிஸ் ஒரு தந்தையைப் போலக் கைநீட்டி அந்தச் சிறுவர்களை ஏற்கிறார். ஒரு நாட்டின் பாதியைப் பிடுங்கிய உடன்படிக்கையிலிருந்து ஓவியர்கள் தேர்ந்துகொண்டது, பிள்ளைகளிடம் காட்டிய பரிவை. பிணையாக வந்த பிள்ளைகள் 1794இல்தான் தந்தையிடம் திரும்பினர்.

ஹோமும் அலெக்சாண்டர் ஆலனும் மைசூர் நாட்டுக் காட்சிகளைத் தொகுத்து 1794இல் நூல்களாக வெளியிட்டனர். 1792இல் இவ்வழியே சென்ற தாமஸ் டானியல், வில்லியம் டானியல் இருவரும் பாராமகாலின் மலைக்கோட்டைகளை வரைந்தனர். இராயக்கோட்டையும் அவற்றுள் ஒன்று. ஓவியங்கள் அழகானவை என்பதில் ஐயமில்லை. குன்று, மாலை வெயில், மரநிழல். முந்தைய ஆண்டு அங்கே வெடித்த பீரங்கியின் புகை மட்டும் இல்லை.

எல்லாவற்றினும் வியப்புக்குரியது ஜேம்ஸ் ரென்னலின் வரைபடம். தென்னிந்தியாவைக் காட்டும் அந்தப் படத்துக்கு அவர் எழுதிய விளக்க நூல் 1793இல் இலண்டனில் வெளிவந்தது. அரசியல் பிரிவுகள் 1792 மார்ச் மாத ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி காட்டப்பட்டுள்ளன என்று நூலின் தலைப்பிலேயே பொறித்திருந்தனர். மொரோவின் படத்தில் மேசைமேல் கிடந்த வரைபடம் ஒரு நகைச்சுவை. ரென்னலின் கையில் அதே பொருள் அறிவியலாகிவிட்டது. துண்டு போட்ட வரைபடத்தைப் பார்த்துப் பாரிஸ் சிரித்தது; துண்டு போட்ட வரைபடத்தை இலண்டன் விலைகொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டிக்கொண்டது. பிறர் வெட்டும்போது கேக்காகத் தெரிந்தது தாம் வெட்டும்போது நிலவியலாகத் தெரிகிறது.

1799: விருந்தாளிகளும் உணவாதல்

எஞ்சிய பாதிக்கும் நாள் வந்தது. 1799 பிப்ரவரியில் வேலூரிலிருந்து புறப்பட்ட ஹாரிஸின் படை மார்ச் தொடக்கத்தில் இராயக்கோட்டைக்கு வந்து எல்லையைக் கடந்தது. நீலதுர்கம், அஞ்செட்டிதுர்கம் முதலான சிறு கோட்டைகள் விழுந்தன. பெரும்படை கெலமங்கலம் வழியாக ஆனேக்கல் நோக்கி நகர்ந்தது. மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது; திப்பு களத்தில் மாண்டார். அடுத்த ஆண்டே ராபர்ட் கெர் போர்ட்டர் அந்தக் கோட்டைத் தாக்குதலை 100 அடிக்கும் மேல் நீண்ட வளைவோவியமாக இலண்டனில் காட்சிக்கு வைத்தார்; கட்டணம் கொடுத்துக் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தனர்.

1799 ஜூன் 22ஆம் நாளிட்ட ஆவணத்துக்கு ஒளிவுமறைவின்றி 'மைசூர்ப் பங்கீட்டு உடன்படிக்கை' என்றே பெயர். கோயம்புத்தூர், கன்னட நாட்டுக் கடற்கரை, வயநாடு, ஸ்ரீரங்கப்பட்டணத் தீவு ஆகியன கும்பெனிக்கு. ஓசூர்ச் சீமையும் இம்முறை கும்பெனியின் கைக்கு வந்து சேலம் மாவட்டத்தோடு இணைந்தது. கூத்தி, குர்ரம்கொண்டா பகுதிகள் நிஜாமுக்கு. பேஷ்வாவுக்கு ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. நிபந்தனைகளை அவர் ஏற்காமையால் அதையும் மற்ற இருவருமே பிரித்துக்கொண்டனர். நடுவில் மிஞ்சியதை ஐந்து வயதுக் குழந்தையான மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்கு முடிசூட்டிக் கொடுத்தனர். முடியைக் கையால் பிடித்துக்கொள்ளக்கூட வயதாகாத அரசர்.

இங்கே போலந்தின் கதைக்கும் நம் கதைக்கும் ஒரு வேறுபாடு தோன்றுகிறது. போலந்தைத் தின்ற மூவரும் ஏறத்தாழ நிகரானவர்கள்; தின்றதை நூறாண்டுக்கு மேல் வைத்திருந்தனர். மைசூரைத் தின்றவர்களில் ஒருவர் மற்ற இருவரையும் தின்னக் காத்திருந்தார். நிஜாம் தமக்கு 1792இலும் 1799இலும் கிடைத்த நிலத்தை 1800ஆம் ஆண்டிலேயே கும்பெனிப் படையின் செலவுக்கு ஈடாகக் கும்பெனியிடம் ஒப்படைத்தார். 1818இல் பேஷ்வாவின் அரசே இல்லாமற்போயிற்று. எள்ளலுக்குரிய பசுவையும் பன்றியையும் வரைந்த ஸ்ரீரங்கப்பட்டணத்து ஓவியர் நிஜாமைப் பற்றிச் சொல்லாமல் விட்ட பகுதி இதுவே.

1805 பிப்ரவரியில் கில்ரே தம் புகழ்பெற்ற படத்தை வெளியிட்டார். பிட்டும் நெப்போலியனும் மேசையில் எதிரெதிரே அமர்ந்து உலக உருண்டையைப் பிளம் புட்டிங் போல வெட்டுகின்றனர். நெப்போலியன் ஐரோப்பாவை வெட்டுகிறார். பிட் கடலை வெட்டுகிறார். கேலிச்சித்திர வரலாற்றில் இதற்கு இணையான படங்கள் சிலவே. பிட்டின் கத்தி கடல்மேல் மட்டுமே செல்வதாகக் கில்ரே வரைந்ததை, பாராமகாலில் இருந்து பார்க்கும் நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். பிட் முதலமைச்சராக இருந்த காலத்தில்தான் மைசூர் இரண்டு முறை வெட்டப்பட்டது. அந்த வெட்டு அந்தத் தட்டில் தெரியவில்லை.

பறம்பின் உள்ளே நின்றவர்

தமிழ் படித்தவர்க்கு, மூன்று முடிமன்னர் ஒரு சிறு நாட்டைச் சூழ்ந்த செய்தி புதிதன்று. சேர, சோழ, பாண்டியர் மூவரும் பாரியின் பறம்பு மலையை முற்றுகையிட்டதும், கபிலர் அம்மூவரையும் நோக்கிப் பாடியதும் புறநானூற்றில் உள்ளன. பறம்பு நாட்டின் முந்நூறு ஊர்களையும் முன்பே இரவலர் பெற்றுச் சென்றுவிட்டனர். போரிட்டால் உமக்குக் கிட்டாது. பாடிக்கொண்டு வந்தால் மலையையும் பெறலாம் என்பது அவர் கூறும் கருத்து. முடியணிந்த மூவரை யாழேந்திய இரவலராக மாற்றிக் காட்டும் இந்த எள்ளல், உருவத்தைத் திரித்துக் காட்டும் கேலிச்சித்திரத்தின் வேலையையே செய்கிறது. சொல்லால் வரைந்த சித்திரம் என்பதே வேறுபாடு.

அதைவிட முதன்மையான வேறுபாடு ஒன்றுண்டு. மொரோ மேசைக்கு வெளியே நிற்கிறார். கபிலர் மலைக்கு உள்ளே நிற்கிறார். வெளியே நின்றவருக்கு மேசையும் சுற்றி நிற்கும் முகங்களும் தெரிகின்றன; நாடு ஒரு தாளாகத் தெரிகிறது. உள்ளே நின்றவருக்கு மூங்கில் நெல் தெரிகிறது, பலாவும் வள்ளிக் கிழங்கும் தேனும் தெரிகின்றன. உழவர் உழாமலே விளையும் இந்நான்கும் இருக்க எம்மைப் பட்டினியால் பணியவைக்க இயலாது என்று மன்னரை எள்ளும் கபிலரின் நகைப்பில் நிலத்தின் மணம் இருக்கிறது. பாரி மாண்ட பின் அவன் மகளிர் பாடியதாகக் கிடைக்கும் சிறு பாட்டில், சென்ற திங்களின் நிலவையும் இந்தத் திங்களின் நிலவையும் ஒப்பிட்டு, தந்தையும் குன்றும் போனதைச் சொல்வர். வெட்டுப்பட்டவர்களின் குரல் நேரே ஒலிக்கும் இடம் அது. ஸ்தனிஸ்லாவின் குடிகளுக்கு 'அரசர்களின் கேக்' படத்தில் அத்தகைய ஓரிடம் இல்லை. முடி நழுவும் அரசரே நாட்டுக்கும் நின்றுவிடுகிறார்.

பாராமகாலுக்குக் கபிலர் வாய்க்கவில்லை. அதற்கு வாய்த்தவர் கர்னல் அலெக்சாண்டர் ரீட். 1792இல் கும்பெனி அவரை இச்சீமையின் அதிகாரியாக்கியது. உதவிக்கு வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை ஆளுநர். ஏழாண்டுகள் அவர்கள் ஊர் ஊராக, வயல் வயலாக அளந்தனர். இரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. அவர்கள் தொகுத்தவை 'பாராமகால் ஆவணங்கள்' என்ற பெயரில் இருபதாம் நூற்றாண்டில் சென்னை அரசால் அச்சிடப்பட்டன. குடிகள், விளைபொருள்கள், சொத்துரிமை, நிலவரி எனத் தனித்தனிப் பகுதிகள். கபிலர் எண்ணியது போலவே இவர்களும் எண்ணினர். மலையில் என்ன விளைகிறது, ஊர் எத்தனை, குடி எத்தனை என்பவையே இரண்டிலும் உள்ள கேள்விகள். கபிலர், இவ்வளவும் உமக்குக் கிட்டாது என்று சொல்ல எண்ணினார். ரீட், இதில் எவ்வளவு கிட்டும் என்று அறிய எண்ணினார். ஆயினும் இந்நிலத்தில் அன்று வாழ்ந்தவர்கள் எதை உழுதனர், எதைக் கட்டினர் என்பதற்கு நாம் இன்று நாடக்கூடிய மிக விரிவான ஏடு அந்த வரிக்கணக்குதான். கேலிச்சித்திரங்கள் காட்டாமல் விட்ட மனிதர்கள் வரிசெலுத்துவோராக அங்கே இருக்கின்றனர்.

கோடு நீங்கவில்லை

நாட்டுப் பங்கீட்டைக் கேலிச்சித்திரமாக்கும் கலை நம்மிடம் வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1906இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' இதழில் பாரதி கருத்துப்படங்களை இடம்பெறச் செய்து தமிழ் இதழியலில் அதற்கு வழி வகுத்தார். கர்சன் 1905இல் வங்காளத்தைப் பிரித்ததன் கொதிப்பு நாடெங்கும் பரவியிருந்த காலம் அது. வெட்டுப்படும் நாட்டின் உள்ளிருந்து வரைவோரின் வரிசை தமிழில் அங்கே தொடங்குகிறது. 1911இல் அந்தப் பிரிவினை நீக்கப்பட்டது. வங்காளத்துக்குக் குரல் இருந்தது, அச்சகம் இருந்தது, படம் இருந்தது. 1792இல் பாராமகாலுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

வங்காளக் கோடு ஆறாண்டில் அழிந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோடு அழியவில்லை. 1799இல் ஓசூர் சேலத்தோடு சேர்க்கப்பட்டதால் அது சென்னை மாகாணத்தில் இருந்தது. மாகாணத்தில் இருந்ததால், 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாகக் கொண்ட பல்லாயிரவருடன் சென்னை மாநிலத்திலேயே நின்றது. 1965இல் தருமபுரி மாவட்டத்திலும் 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் அடங்கியது. சிப்காட் தொழிற்பேட்டை எழுந்து, பெங்களூரின் வாயிலில் தமிழ்நாட்டின் தொழில்நகரமாக ஓசூர் வளர்ந்ததற்கும் அந்தக் கோடே காரணம். ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே நாள்தோறும் பணிக்குக் கடப்போர், 1799ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சிலர் கூடி எழுதிய ஓர் அட்டவணையின் விளிம்பைக் கடக்கின்றனர்.

அதன் கனம் பள்ளிக்கூடத்தில் தெரியும். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் பள்ளிகளில் தமிழைக் கட்டாய மொழிப்பாடமாக்கியது. அச்சட்டத்தின்படி பயின்ற முதல் அணியினர் 2016இல் பத்தாம் வகுப்புத் தேர்வை எட்டியபோது, இம்மாவட்டத்து மொழிச் சிறுபான்மையினர் தம் தாய்மொழியில் தேர்வெழுத உரிமை கேட்டனர். தமிழ் கற்பிப்பது நம் தொழில். இந்த மண்ணில் தமிழ் தழைக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆனால் கபிலரின் பறம்புப் பாட்டைப் பாடம் சொல்லும்போது, வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நம் முன் அமர்ந்திருக்கின்றனர். அவர்களுடைய மூதாதையர் எந்த மேசையிலும் உட்கார்ந்து எந்தக் கோட்டையும் போடவில்லை. கோடு அவர்கள்மேல் போடப்பட்டது. மூவேந்தரின் பக்கம் நின்று அந்தப் பாட்டைக் கற்பிக்க முடியாது. அந்தப் பிள்ளைகள் தம் மொழியைக் கேட்கும்போது அதைத் தமிழுக்கு எதிரான குரலாகக் கொள்ளாமல், பறம்பின் உள்ளிருந்து வரும் குரலாகக் கேட்கும் செவி தமிழாசிரியர்க்கு வேண்டும்.

கேலிச்சித்திரங்களுக்கு நாம் நன்றி பாராட்டத்தான் வேண்டும். கத்தி பிடித்த கைகள் எவருடையவை என்பதை அவை மறைக்கவிடவில்லை. எண்ணெய் வண்ண ஓவியங்களும் வரைபடங்களும் மறைத்தன. மேசையைச் சுற்றி நின்றவர்களை மொரோ காட்டினார், கில்ரே காட்டினார், வெள்ளைப்பூச்சின் அடியில் மறைந்துபோன ஸ்ரீரங்கப்பட்டணத்து ஓவியர்களும் காட்டினர். மேசைமேல் கிடந்தவர்களைப் பற்றி எழுதும் வேலை அவர்களுடையது அன்று. கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் இருந்து எழுதும் நமக்குரிய வேலை அது. ரீட், மன்றோ தொகுத்த ஏடுகளைத் தமிழில் கொண்டுவருவதிலிருந்து அதனைத் தொடங்கலாம்.